அளவுகோலில் நாமும் ஏறவேண்டும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் ஒருங்கே கூடிய அவையில் வழக்கறிஞர் ஒருவர் நிகழ்த்திய உரை)



விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு வழக்கறிஞனை அழைத்தது பொருந்துமா என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். நான் வைத்தியனுமல்லன், ஆய்வுகூடத்திற் பணிபுரிபவனுமல்லன். ஆயினும், அளவு எங்கே உண்டோ அங்கே வழக்கும் உண்டு. வழக்கு எங்கே உண்டோ அங்கே எங்கள் தொழிலும் உண்டு. அந்த உரிமை ஒன்றைக்கொண்டே உங்கள் முன் நிற்கின்றேன்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு காணி வழக்கு. சாட்சிக் கூண்டில் நின்ற முதியவரொருவரைப் பார்த்து, "ஐயா, உங்கள் காணி எத்தனை பரப்பு?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்தப் பரப்பைக் கேட்கிறியள்? நெல்லுப் பரப்போ, வரகுப் பரப்போ?" என்றார். மன்று முழுவதும் சிரித்தது. நான் தலைகுனிந்தேன்.

கமக்காரராகிய உங்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. நெற்செய்கைப் பரப்பு 12 குழி. வரகுச் செய்கைப் பரப்பு 18 குழி. முன்னது 24 கூடினால் ஓர் ஏக்கர். பின்னது 16 கூடினாலே ஓர் ஏக்கர். பெயர் ஒன்று, அளவு இரண்டு. இரண்டும் நேர்மையான அளவுகளே. ஆனால், வரகுப் பரப்பென எழுதிய உறுதியை நெற்பரப்பென வாசித்துவிட்டால், மூன்றில் ஒரு பங்கு காணி எவர் கைக்கோ போய்விடும். திருடியவன் எவனுமில்லை, ஆயினும் இழந்தவன் ஒருவன் உண்டு!

காணிக்கு நேரும் இந்தக் கேடு இன்று மனித உடலுக்கும் நேர்கின்றது. அதைச் சொல்லவே வந்தேன்.

ஒருவரின் ஏடு உலகின் ஏடாயிற்று

நம் உடலின் கலங்களுக்குள்ளே ஒரு நூல் உண்டு. நான்கே எழுத்துக்களால், ஏறத்தாழ 310 கோடி எழுத்து நீளத்துக்கு எழுதப்பட்ட நூல். தாய் தந்த படி ஒன்று, தந்தை தந்த படி ஒன்று என இரு படிகளாய் அது நம்முள் இருக்கின்றது. இந்நூலை விஞ்ஞானிகள் ஜீனோம் என்பர். இதனை எழுத்தெழுத்தாய் வாசிக்கும் உலகப் பெருமுயற்சி 1990ஆம் ஆண்டு தொடங்கி 2003இல் நிறைவெய்தியதாக அறிவிக்கப்பட்டது. அப்போதும் வாசிக்கவியலாது எஞ்சிய பகுதி நூற்றுக்கு எட்டுப் பங்களவு. அது 2022ஆம் ஆண்டிலேதான் வாசித்து முடிக்கப்பட்டது.

அவர்கள் வாசித்தது யாருடைய நூல்? 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பஃபலோ நகரப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. அதைக் கண்டு இரத்தம் கொடுக்க முன்வந்தோருட் சிலரே அந்த நூலுக்கு உடையவர்கள். அவர்களுள்ளும், பெயர் மறைக்கப்பட்ட ஒரே மனிதரிடமிருந்து நூற்றுக்கு எழுபது பங்கு வரையில் எடுக்கப்பட்டது. அந்த மனிதர் நல்லவர், உலகுக்கு உதவியவர். ஆனால், அவர் உலகத்து மக்கள் அனைவருக்கும் அளவுகோலாக நிற்கவேண்டியவரல்லர்.

அது எவ்வாறு அளவுகோலாயிற்று? இன்று ஒரு நோயாளியின் நூலை வாசிக்கும்போது, பெரும்பாலும் அதனைச் சிறு சிறு துண்டுகளாக்கியே வாசிக்கின்றனர். பிறகு, அத்துண்டுகளை முன்னரே உள்ள மூல ஏட்டின் மீது பொருத்திப் பார்த்து வரிசைப்படுத்துகின்றனர். மூல ஏட்டில் இல்லாத பக்கம் நோயாளியிடம் இருந்தால், அந்தத் துண்டு பொருந்த இடமின்றி ஒதுங்கிப்போகும். இல்லாத பக்கத்தை எவர் தேடுவர்?

சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை நினைத்துப் பாருங்கள். அவரும் சட்டம் பயின்றவரே. 1887ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சேற்றிய அப்பெரியார், ஊரூராய் ஏடு தேடினார். கிடைத்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார். ஓர் ஏட்டில் செல்லரித்த அடி மற்றோர் ஏட்டில் முழுமையாய் இருக்கும். ஒரே ஏட்டை நம்பிப் பதிப்பித்திருந்தால், அந்த ஏட்டின் குறையே நூலின் குறையாக நிலைத்திருக்கும். 2019ஆம் ஆண்டில் ஆபிரிக்க வழிவந்தோர் 910 பேரின் நூல்களை ஆராய்ந்தபோது, மூல ஏட்டில் இடம்பெறாத ஏறத்தாழ 30 கோடி எழுத்துக்கள் கிடைத்தன. ஒரு நூலின் பத்தில் ஒரு பங்கு அளவு!

வயலில் கண்ட பாடம்

நெல்லின் கதையும் இதுவே. நெல்லின் மூல ஏடு 2005ஆம் ஆண்டு வெளியாயிற்று. அது நிப்பொன்பாரே என்னும் யப்பானிய நெல்லின் ஏடு. மறு ஆண்டே ஒரு செய்தி வந்தது. வெள்ளத்தில் மூழ்கினாலும் இரு வாரம் வரையில் அழுகாது தாக்குப்பிடிக்கும் ஆற்றலைப் பயிருக்குத் தருகின்ற பரம்பரையலகு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெயர் சப்1ஏ. அது கிடைத்தது ஒடிசாவின் மரபு நெல்லொன்றின் வழியே. நிப்பொன்பாரேயின் ஏட்டைத் தலைகீழாய்ப் புரட்டினாலும் அதைக் காணமுடியாது. ஏனெனில் அந்த நெல்லில் அது இல்லவேயில்லை! இந்தப் பரம்பரையலகு சேர்ந்த சுவர்ணா-சப்1 என்னும் நெல் 2009இல் இந்தியாவில் விவசாயிகளின் கைக்கு வந்தது.

நம் தீவின் கொடஹீனெட்டி போன்ற பழைய நெல்லினங்களும் வெள்ளந்தாங்கும் இயல்புடையன என்று அறிஞர் பதிந்துள்ளனர். நம் பாட்டன்மார் கைவிடாது காத்த விதையில் என்ன இருக்கின்றது என்பதை, அந்த விதையை வாசித்தே அறியவேண்டும். அயலூர் விதையை வாசித்து அறியமுடியாது.

பிழைத்த அளவு, பிழைத்த தீர்ப்பு

நெல்லிற் பிழைத்தால் ஒரு போகம் போகும். நோயிற் பிழைத்தால் ஒரு குடும்பம் கலங்கும்.

இதயத்தின் தசை தடித்துத் திடீர் மரணம் விளைவிக்கும் பரம்பரை நோய் ஒன்றுண்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் சிலருக்கு, "உமது எழுத்தில் பிழை உண்டு, அது இந்நோயின் அடையாளம்" என்று பரிசோதனை அறிக்கை கூறிற்று. பின்னர், 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று அந்த எழுத்துக்கள் கறுப்பின மக்களிடையே பரவலாய்க் காணப்படும் தீங்கற்ற வேறுபாடுகளே என்று காட்டியது. ஒப்பிடுவதற்கென வைத்திருந்த மக்கள் தொகுதியிலே கறுப்பினத்தவர் சிறு தொகையினரையேனும் சேர்த்திருந்தால் இந்தப் பிழை நேர்ந்திராது என்றும் அந்த ஆய்வு கூறிற்று. மன்றத்தின் மொழியிற் சொல்வதானால், ஒரு தரப்புச் சாட்சியை மட்டும் கேட்டு எழுதிய தீர்ப்பு அது.

மறுபுறமும் உண்டு. இதயத் தசைக்குரிய பரம்பரையலகு ஒன்றில் 25 எழுத்துக்கள் விடுபட்டிருக்கும் நிலை, இந்திய உபகண்டத்து மக்களில் நூற்றுக்கு நால்வரளவில் உண்டென்றும், அது இதய நோயோடு தொடர்புடையதென்றும் 2009ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று உரைத்தது. ஐரோப்பியரை மட்டுமே ஆயிரம் ஆண்டு ஆராய்ந்தாலும் இந்த உண்மை வெளிவந்திருக்குமா?

படிக்கல்லும் முத்திரையும்

சந்தையிலே தராசுக்கும் படிக்கல்லுக்கும் அரசாங்க முத்திரை வேண்டும். முத்திரையில்லாப் படியால் நிறுப்பவனைச் சட்டம் விடாது. நம் நாட்டில் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதற்கென்றே இருக்கின்றது. அப்படியானால், நம் உடலை வாசிக்கும் இயந்திரத்துக்கு முத்திரை எது?

அமெரிக்கத் தேசியத் தராதர நிறுவனம் 2015ஆம் ஆண்டில் ஒரு சிறு குப்பியை வெளியிட்டது. அதனுள் இருப்பது, ஐரோப்பிய வழிவந்த யூட்டா மாநிலத்துப் பெண்ணொருவரின் பரம்பரைப் பொருள். அதன் எழுத்துக்கள் பலமுறை வாசித்துச் சரிபார்க்கப்பட்டவை. ஆய்வுகூடம் அந்தக் குப்பியைத் தன் இயந்திரத்தில் இட்டு, விடை பொருந்துகின்றதா என்று பார்க்கலாம். இதுவும் ஒரு படிக்கல்லே. அடுத்த ஆண்டிலேயே கிழக்கைரோப்பிய யூதக் குடும்பமொன்றின் குப்பிகளும் சீனர் ஒருவரின் குப்பியும் சேர்க்கப்பட்டன. ஒரு படிக்கல் போதாது என்பதை அவர்களே உணர்ந்தனர்.

கிலோகிராமுக்கு 1889 முதல் பாரிஸ் நகரை அடுத்த செவ்ரில் ஓர் உலோகக் கட்டியே மூலப் படியாக இருந்தது. 2019ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் அது ஓய்வு பெற்றது. இயற்கையின் மாறாத எண்ணொன்று அதன் இடத்தைப் பெற்றது. ஆனால், மனிதனுக்கு அத்தகைய மாறாத எண் இல்லை. மனிதனுக்கு மனிதரே அளவு. ஆகவே பலரைச் சேர்த்தாலன்றி அந்த அளவு நேராகாது.

இதனை உணர்ந்த நாடுகள் வாளாவிருக்கவில்லை. கொரிய விஞ்ஞானிகள் 2016ஆம் ஆண்டில், தம் நாட்டவர் 40 பேரின் வேறுபாடுகளையும் இணைத்துத் தமக்கென ஒரு மூல ஏடு அமைத்தனர். யப்பானியர் தம்மவர் மூவரின் ஏடுகளை இணைத்து ஒன்றாக்கினர். இந்தியா 83 மக்கட்பிரிவினரிலிருந்து 10,000 பேரின் நூல்களை வாசித்து, 2025ஆம் ஆண்டு ஜனவரியில் ஆய்வாளருக்குத் திறந்துவிட்டது. பல நாட்டு வழியினர் 47 பேரின் ஏடுகளை ஒருங்கே கோத்த பொது ஏட்டின் முதல் வரைவு 2023ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. பாடபேதங்களையும் காட்டும் பதிப்பு என்று அதனைச் சொல்லலாம். ஒவ்வொரு மக்களும் தத்தம் ஏட்டைக் கொணர்ந்தாலே அந்தப் பொது ஏடு முழுமையாகும்.

நம்மவர் 102 பேர்

நம் ஏடு அங்கே உண்டா? உண்டு! 2015ஆம் ஆண்டு நிறைவெய்திய ஓர் உலக ஆய்வில் 26 மக்கட்தொகுதிகளைச் சேர்ந்த 2,504 பேர் இடம்பெற்றனர். அவற்றுள் ஒரு தொகுதியின் பெயர், "ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர்." தொகை 102 பேர். உலகெங்கும் உள்ள ஆய்வாளர் இன்றும் அந்த 102 பேரின் எழுத்துக்களைப் பயன்படுத்துகின்றனர்.

மகிழ்வதற்குரிய செய்தியே. ஆயினும் இரண்டு குறைகளைச் சொல்லவேண்டும். பிரித்தானியாவில் வாழும் 102 பேரைக் கொண்டு யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, மலையகம் ஆகிய அனைத்தையும் அளந்துவிட முடியாது. மேலும், அந்த ஆய்வில் அவர்களின் நோய் விபரம் பதியப்படவில்லை. எழுத்துத் தெரியும், அந்த எழுத்துச் செய்யும் நன்மை தீமை தெரியாது.

இரத்தத்தில் உரிமை தேடாதீர்

இனி, இந்த மேடையில் சிலருக்குக் கசக்கக்கூடிய ஒன்றையும் சொல்லியாகவேண்டும். "நம் ஏட்டை வாசித்தால் நாமே மூத்த குடி என்பது நிலைநாட்டப்படும், மண்ணுரிமைக்கு அதுவே சான்று" என்று உற்சாகத்தோடு பேசுவோரை நான் சந்தித்திருக்கின்றேன். நண்பர்களே, அந்தக் கதவைத் திறவாதீர்கள்! மனிதருக்கிடையேயுள்ள வேறுபாட்டில் நூற்றுக்கு 85 பங்கு ஒரே மக்கட்தொகுதிக்குள்ளேயே அடங்கும் என்று 1972ஆம் ஆண்டிலேயே லெவொன்ரின் என்னும் அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். இரத்தத்தால் உரிமை கிடைக்குமென்று இன்று நாம் வாதிட்டால், இரத்தத்தால் உரிமை இல்லையென்று நாளை நமக்கெதிராக வாதிடுவார்கள். நம் உரிமை, நாம் உழுத நிலத்தில், பேசும் மொழியில், வாழும் வாழ்வில் இருக்கின்றது. அதற்கு ஆய்வுகூடத்தின் அத்தாட்சி வேண்டாம். நாம் கேட்பது நம் பிள்ளையின் நோயைச் சரியாய் அளக்கும் கோல், அவ்வளவே.

கொடுப்பவனுக்கும் சொல்லுரிமை உண்டு

நம் நாட்டுப் பாடநூல்கள் இக்கலைக்குப் பிறப்புரிமையியல் என்று பெயர் சூட்டியிருக்கின்றன. வழக்கறிஞன் காதுக்கு இனிய பெயர்! உரிமை என்றால் உடையவனைக் கேட்டே எடுக்கவேண்டும்.

அமெரிக்காவின் பெரும் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுப்பாய் என்னும் ஆதிக்குடிகள், நீரிழிவு நோயால் வருந்தினர். 1990ஆம் ஆண்டு முதல், நோய்க்கு வழி பிறக்குமென நம்பி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளரிடம் இரத்தம் கொடுத்தனர். அதே இரத்தம் மனநோய் ஆய்வுக்கும், தம் குடியின் தோற்றம் பற்றிய ஆய்வுக்கும் பயன்பட்டதைப் பின்னர் அறிந்து வழக்கிட்டனர். 2010ஆம் ஆண்டில் வழக்கு இணக்கத்தில் முடிந்தது. 41 பேருக்கு 700,000 டொலர் வழங்கப்பட்டது. எஞ்சிய இரத்தமும் அவர்களிடமே மீண்டது.

அந்தப் பாடம் நமக்கு வேண்டும். நம் பாராளுமன்றம் 2022ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பரம்பரைத் தகவலைத் தனிக் காப்புக்குரிய வகையில் வைத்திருக்கின்றது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அதைக் கேட்டுப் பெறும் வாயும் வேண்டும். ஆகவே மூன்றைக் கேளுங்கள். எவரேனும் உங்கள் ஊருக்கு இரத்தம் பெற வந்தால், எதற்கென்று தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதாத காரியத்துக்கு அது பயன்படலாகாது. அது எங்கே, எவர் பொறுப்பில், எத்தனை காலம் இருக்கும் என்றும், மீளப் பெறும் வழி யாதென்றும் கேளுங்கள். பரிசோதனை அறிக்கை கையில் வந்தால், எந்த மக்களோடு ஒப்பிட்டு இந்த முடிவைக் கூறுகின்றீர்கள் என்று கேளுங்கள்.

உத்தியோகத்தரே, வைத்தியரே, இந்தக் கேள்விகளைக் கமக்காரருக்கு விளங்கவைப்பது உங்கள் கடன். கமக்காரப் பெருமக்களே, கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். நான் படித்த சட்டநூல் எதுவும் கற்பிக்காததை, அன்று கூண்டில் நின்ற முதியவர் ஒரே கேள்வியிற் கற்பித்தார்: "எந்தப் பரப்பைக் கேட்கிறியள்?"

அளப்பவர் எவராயினும், முதலில் அதைக் கேளுங்கள்.