பாறைக்குள் ஒரு பச்சைக் கோடு



பாலைவனத்துப் பாறை ஏன் உடைகிறது என்று கேட்டால், பகல் வெயிலும் இரவுக் குளிரும் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். நாமும் அப்படிப் படித்தவர்களே. 1936இல் டேவிட் கிரிக்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். கிரானைட் துண்டு ஒன்றை 89,400 முறை சூடாக்கி ஆறவைத்தார். நாளுக்கு ஒரு முறை என்று கணக்கிட்டால் 244 ஆண்டு வெயில். கல் அப்படியே இருந்தது. ஆறவைக்கும்போது நீர் தெளித்ததும், சில நாள்களிலேயே அதன் மெருகு குலைந்தது. எடுத்த கல் சிறியது, மலையோடு இறுகிக் கிடந்த பாறைக்கு அது ஒப்பாகாது என்று பின்னர் எழுந்த மறுப்பு நியாயமானதே. ஆனாலும் அந்தச் சோதனை எழுப்பிய கேள்வி என்னை விடவில்லை: மழையே அரிதான இடத்தில் கிடைத்த ஈரத்தைக் கல்லுக்குள் பிடித்துவைப்பது யார்?

விடை தேடிப் போனால் கல்லுக்குள் வாழும் உயிர்களிடம் வந்து சேர்கிறோம். நெகேவ் பாலைவனக் கற்களுக்குள் நுண்பாசிகளைத் தேடிக் கண்ட இம்ரே ஃபிரீட்மன், ரோசெலி ஒகாம்போவுடன் சேர்ந்து, அண்டார்டிகாவின் உலர் பள்ளத்தாக்குகளிலும் அவை வாழ்வதை 1976இல் அறிவித்தார். அங்குள்ள மணற்கல் ஒன்றைப் பிளந்து பாருங்கள். மேலே துருநிறத் தோல். அதன் அடியில் கறுப்புக் கோடு, அடுத்து வெள்ளை, அதற்கும் கீழே பச்சை. எல்லாம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள். கறுப்பும் வெள்ளையும், பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கனின் பூஞ்சை வாழும் இடங்கள்; பச்சை, பாசி. குவார்ட்ஸ் மணிகளின் ஊடே கசிந்து வரும் வெளிச்சமே அதற்குப் போதும். லைக்கன் சுரக்கும் ஆக்ஸாலிக் அமிலம் மணிகளைப் பிணைத்திருக்கும் பூச்சைக் கரைக்கிறது. மேல்தோல் பொருக்காகக் கழன்று விழுகிறது. உயிரோ இன்னும் உள்ளே நகர்ந்து, மறுபடி குடியேறுகிறது.

நெகேவில் கதை வேறு. அங்கே சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கும் லைக்கனைச் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நத்தைகள் கல்லோடு சேர்த்துச் சுரண்டித் தின்கின்றன. கல் எச்சமாகி மண்ணாகிறது. மோஷே ஷகாக், கிளைவ் ஜோன்ஸ், இகால் கிரானோட் மூவரும் 1987இல் போட்ட கணக்கின்படி, ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 0.7 முதல் 1.1 டன் வரை. அங்கே காற்று கொண்டுவந்து சேர்க்கும் தூசுக்கு ஈடான அளவு இது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால், நுண்ணுயிர் கல்லைத் தின்னும் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். அமெரிக்காவின் யூட்டாவில், கை பட்டால் உதிரும் மணற்கல்லின் மேற்பரப்பில் வாழும் நுண்ணுயிர்கள் மணிகளைப் பிணைத்து, காற்றின் அரிப்பைத் தடுக்கின்றன. ஓரிடத்தில் கல்லைத் தளர்த்தும் உயிர், வேறோரிடத்தில் அதற்குக் காப்பு.

ஆகவே இந்தக் கருத்தரங்கில் கட்டுரை வாசிப்போரிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். அழிக்கிறதா, காக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், எந்தக் கல், எவ்வளவு ஆழம், ஈரம் எங்கிருந்து வந்தது, எத்தனை காலம் பார்த்தீர்கள் என்ற நான்கையும் சொல்லுங்கள். கல்லின் மேல் உயிர் இருப்பதைக் காட்டுவது வேறு, கல்லை உதிர்த்தது அதுதான் என்று நிறுவுவது வேறு. பனியும் உப்பும் அதே விரிசலில்தான் வேலை செய்கின்றன. இவற்றைப் பிரித்தறியும் அளவீடுகளையே இந்த மூன்று நாளும் நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.