வேடத்துக்குள் ஒரு வேடம்



2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘வாடவில் வில்லன்’ என்றோர் இசைத்தொகுப்பு வெளிவந்தது. பெரிய கம்பெனிகளின் விளம்பரமின்றி, ஒருவர் சொல்லி மற்றொருவர் கேட்டுப் பரவும் ‘அண்டர்கிரவுண்ட்’ ஹிப்-ஹாப் இனத்தைச் சேர்ந்தது அது. பாடியவர் விக்டர் வான் என்று அட்டை கூறிற்று. அப்படி ஒருவர் பிறக்கவேயில்லை! காலத்தினூடே பயணம் செய்யும் வாய்த்துடுக்கு மிக்க இளைஞனாக அவனைக் கற்பித்தவர் டேனியல் டூமிலே. அவரோ அதற்கு முன்பே ‘எம்.எஃப். டூம்’ என்ற பெயரில் உலோக முகமூடியுடன் மேடையேறி வந்தவர். இரு பெயர்களும் முகமூடியும், ‘டாக்டர் டூம்’ என்னும் சித்திரக்கதை வில்லனிடமிருந்து இரவல் பெற்றவை.

வேடிக்கைக்காகப் பூண்ட கோலமன்று இது. 1971-இல் லண்டனில் பிறந்து, நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் வளர்ந்த டூமிலே, இளமையில் தம்பியோடு ‘கே.எம்.டி.’ என்ற குழுவில் சொந்த முகத்துடனேயே பாடினார். 1993-இல் தம்பி கார் மோதி இறந்தார். மறு ஆண்டு, அவ்விருவரும் உழைத்து உருவாக்கிய தொகுப்பை, அட்டைப்படம் சர்ச்சைக்கிடமானது என்று இசைக் கம்பெனி கைவிட்டது. பின்னர்ச் சில ஆண்டுகள் அவரைப் பற்றிய பேச்சே இல்லை. 1990-களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் சிறு மேடையொன்றில், மகளிர் காலுறையால் முகத்தை மூடிக்கொண்டு மீண்டும் தோன்றினார். தாமாக நின்று பாட இயலாதவர், வேறொருவராகி வாய் திறந்தார் என்றே நான் கருதுகிறேன்.

விக்டரின் பாட்டில் தாளத்தின்மேல் பேச்சே நடக்கிறது. நம் இலக்கணம் இயைபு என்னும் அடியிறுதி ஒலியொப்பை, அடியின் நடுவிலும் இழைத்து, தொடருக்குத் தொடர் பொருத்துவார் டூமிலே. டூம் எல்லாம் கண்டு சலித்த வில்லன். விக்டரோ பதறும் வயதினன். ஒரே தொண்டை இரண்டு வயதில் ஒலிப்பதுதான் இத்தொகுப்பின் அருமை.

முகத்தைப் பாராமல் சொல்லைக் கேளுங்கள் என்பதே அவர் கொள்கை. ஆயினும் 2007-ஐ ஒட்டிச் சில நிகழ்ச்சிகளுக்கு வேறொருவருக்கு முகமூடி அணிவித்து, பதிவுக்கு வாயசைக்கச் செய்து அனுப்பினார். பணம் கொடுத்து வந்தோர் கொதித்தனர். பாத்திரத்தைப் படைத்தவன் நான். நடிப்பவர் யாராயினும் என்ன என்பது அவர் வாதம். குரலே பெரிதென்றவர் குரலையும் அனுப்பாதது எவ்வாறு நியாயமாகும்?

2020 அக்டோபர் 31 அன்று, 49-ஆம் வயதில் அவர் காலமானார். அச்செய்தியை அவர் மனைவி உலகுக்கு அறிவித்தது டிசம்பர் 31 அன்று.