வீட்டுப்பாடமும் வீட்டாரின் கடமையும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் கலந்துகொண்ட கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)

 

சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவை குறித்து நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்ட விஷயம், மதிப்பீடு தயாரித்து, ஒப்பந்தம் விட்டு முடித்துவிடக்கூடிய வேலை அன்று. நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பியபின், விளக்கு வைத்தது முதல் படுக்கப் போகும்வரை உள்ள இரண்டு மூன்று மணி நேரத்தைப் பற்றியது அது. அந்த நேரம் எப்படிக் கழிகிறது என்பதைப் பொறுத்தே, அடுத்த நாள் காலையில் பிள்ளை பள்ளிக்கு மகிழ்ச்சியோடு போவதும், வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்வதும் அமைகின்றன.

கிராம சபைகளில் நாம் இரண்டு விதமான குறைகளைக் கேட்டு வருகிறோம். "ஒன்றியப் பள்ளியில் வீட்டுப்பாடமே சரியாகக் கொடுப்பதில்லை, தனியார் பள்ளிப் பிள்ளைகள் இரவு பத்து மணிவரை எழுதுகிறார்கள், அதுவன்றோ படிப்பு!" என்பது ஒன்று. "எங்களுக்கு எழுத்துத் தெரியாது, வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டால் யார் சொல்லிக்கொடுப்பது? அது ஆசிரியர் பார்க்க வேண்டிய வேலை" என்பது மற்றொன்று. இவ்விரண்டையும், நம் ஒன்றியத்து நடுநிலைப் பள்ளியொன்றில் நெடுங்காலமாகப் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரிடம் எடுத்துரைத்து, அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்டோம். அவர் கூறியவற்றையும் நாம் அறிந்தவற்றையும் சேர்த்து இங்கே உங்கள் முன் வைக்கிறோம்.

எவ்வளவு வேண்டும்?

வீட்டுப்பாடம் மிகுந்தால் படிப்பும் மிகும் என்பது பலருடைய எண்ணம். விவசாயிகளாகிய நமக்கு இது விளங்காத விஷயம் அன்று. நாற்றங்காலுக்குப் பாய்ச்சும் தண்ணீர் வேறு; கதிர் பிடிக்கும் பயிருக்குப் பாய்ச்சும் தண்ணீர் வேறு. நாற்றுக்கு அளவு மிஞ்சினால் வேர் அழுகும்.

அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும், 1987 முதல் 2003 வரை நடந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி ஆராய்ந்து, 2006-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். உயர்வகுப்பு மாணவர்களிடம் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. சிறு வகுப்புப் பிள்ளைகளிடம் அத்தொடர்பு அவ்வளவாகக் காணப்படவில்லை.

நம் நாட்டிலும் இதற்கு வரம்பு கட்டியிருக்கிறார்கள். 1, 2 வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் தரலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையும் அதையே கூறுகிறது. 3 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு வாரம் ஒன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமலும், 6 முதல் 8 வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படாமலும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பது அக்கொள்கை. ஆகவே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இரவு பத்து மணிவரை எழுதுகிறதென்றால், அது அந்தப் பள்ளியின் பெருமைக்குச் சான்று ஆகாது.

எழுதாத பிள்ளையே வராத பிள்ளை

இனி ஆசிரியர் சொன்ன முக்கியமான செய்திக்கு வருவோம். "வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைதான் மறுநாள் பள்ளிக்கு வராத பிள்ளை. ஒரு நாள் வராதவனுக்கு அன்றைய பாடம் புரியாது. பாடம் புரியாதவன் அடுத்த வீட்டுப்பாடத்தையும் எழுத மாட்டான். இப்படியே நான்கு நாள், பத்து நாள் என்று நீண்டு, கடைசியில் பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கும்" என்றார் அவர்.

இதை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். படித்த தாய் தந்தையர் உள்ள வீட்டில், பிள்ளைக்குத் தெரியாததை அவர்கள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். பணமுள்ள வீட்டில் டியூஷன் வைப்பார்கள். இவ்விரண்டும் இல்லாத வீட்டில், ஆறாம் வகுப்புப் பெண் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவரும் துணையின்றி உட்கார்ந்திருப்பாள். காலையில் இருவருக்கும் ஒரே தண்டனை என்றால், அந்தத் தண்டனை பிள்ளையின் சோம்பலுக்கு உரியதா, பெற்றோரின் படிப்பின்மைக்கு உரியதா?

இக்காரணத்தால், அந்த ஆசிரியர் இரண்டு விதிகளைத் தமக்கென வகுத்துக்கொண்டிருக்கிறார். வகுப்பில் புரிந்த பாடத்திலிருந்து மட்டுமே வீட்டு வேலை தருவது முதல் விதி. பிறர் உதவியின்றிப் பிள்ளை தானே முடிக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. எழுதாமல் வந்த பிள்ளையை வெளியே நிறுத்தாமல், காலையில் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காரவைத்து முடிக்கச் செய்கிறார்.

எப்படிப்பட்ட வேலை?

பத்துத் தடவை பார்த்து எழுதுவதைக் காட்டிலும், வீட்டையும் வயலையும் ஒட்டிய வேலையே நல்லது என்பது அவர் கருத்து. சில உதாரணங்களைச் சொல்கிறோம்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை, பாட்டியிடம் கேட்டு ஐந்து நெல் வகைகளின் பெயரை எழுதி வருகிறது. நான்காம் வகுப்புப் பிள்ளை, சந்தையில் வாங்கிய காய்கறிகளின் விலையைக் கேட்டுக் கூட்டுத்தொகை போடுகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, பால் கூட்டுறவுச் சங்க அட்டையில் ஒரு வாரத்துக்கு எத்தனை லிட்டர் ஊற்றினோம், எவ்வளவு பணம் வர வேண்டும் என்று கணக்கிட்டுத் தாயாருக்குப் படித்துக் காட்டுகிறது. ஏழாம் வகுப்பில் விழுக்காட்டுக் கணக்கு நடக்கும்போது, யூரியா மூட்டையைப் பார்த்து வரச் சொல்கிறார். மூட்டை 45 கிலோ. தழைச்சத்து 46 விழுக்காடு. அப்படியானால் மூட்டையில் உள்ள தழைச்சத்து எவ்வளவு? 20.7 கிலோ என்று பிள்ளை கணக்கிட்டுச் சொல்லும்போது தந்தையும் காது கொடுத்துக் கேட்கிறார். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று கற்ற பிள்ளை, வீட்டு மனையை அளந்து அது எத்தனை சென்ட் என்று கணக்கிடுகிறது.

இவ்வேலைகளில் பெற்றோர் சொல்லிக்கொடுக்க வேண்டிய எழுத்து ஒன்றும் இல்லை. அவர்கள் அறிந்த தொழிலும் அனுபவமும் பிள்ளையின் பாடமாகின்றன. தன் படிப்பு வீட்டுக்குப் பயன்படுகிறது என்று அறிந்த பிள்ளைக்கு, "எதற்காகப் படிக்க வேண்டும்?" என்ற கேள்விக்கு வேறு விடை தேவைப்படாது.

எழுத்தறியாப் பெற்றோர் செய்யத்தக்கவை

"எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லும் தாய்மார்களுக்கு அந்த ஆசிரியர் நான்கு யோசனைகள் கூறுகிறார்.

முதலாவது, நேரம். மாலையில் விளையாடிவிட்டு வந்த பிள்ளைக்கு, தினமும் ஒரே வேளையில் படிக்கும் வழக்கம் ஏற்பட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் கடைக்குப் போ, மாட்டைக் கட்டு என்று ஏவாதிருத்தல் நலம்.

இரண்டாவது, இடம். தனி அறை வேண்டுவதில்லை. வெளிச்சமுள்ள ஒரு மூலையும் ஒரு பாயும் போதும். அந்நேரத்தில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைந்திருக்க வேண்டும். பிள்ளையுடையது மட்டுமன்று, பெரியவர்களுடையதும்.

மூன்றாவது, விசாரிப்பு. "இன்று பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? எனக்கும் சொல்" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் கற்றது மனத்தில் நிலைக்கும். எழுத்தறியாத தாயே இதற்குத் தகுந்த மாணவி!

நான்காவது, வருகை. மாதத்துக்கு ஒருமுறையேனும் பள்ளிக்குச் சென்று ஆசிரியரைப் பார்த்து வர வேண்டும். பிள்ளைமீது புகார் வந்த பின்பு மட்டும் போவது, பயிரில் பூச்சி முற்றிய பின்பு மருந்து தேடுவதை ஒக்கும்.

நடவுக்கும் அறுப்புக்கும் பிள்ளைகளை நிறுத்திக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் இன்னும் உண்டு. 14 வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவதை 2016-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தடை செய்கிறது. ஆபத்தில்லாத குடும்ப வேலையில், பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறையிலும் உதவுவதற்கு அது இடம் தருகிறது. உதவி வேறு, பள்ளி நாளைப் பறித்தல் வேறு.

ஊக்கம் எதனால் வளரும்?

பிள்ளைக்கு ஊக்கம் உண்டாக்க நாம் சாதாரணமாகக் கையாளும் வழிகள் மூன்று: அடி, ஒப்பீடு, பரிசு. அடியினால் அச்சம் வளரும், படிப்பு வளராது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் பள்ளியில் பிள்ளைகளை உடலாலும் மனத்தாலும் துன்புறுத்துவதைத் தடை செய்திருக்கிறது. "அடுத்த வீட்டுப் பையனைப் பார்" என்று சொல்லும் ஒப்பீட்டினால் பொறாமையும் தாழ்வு மனப்பான்மையுமே மிஞ்சும்.

பரிசைப் பற்றி ஒரு செய்தி. 1973-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் மூவர், படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள சிறு குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். ஒரு பிரிவினரிடம் வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்துப் பரிசும் கொடுத்தார்கள். மற்றொரு பிரிவினருக்கு வாக்குறுதியும் இல்லை, பரிசும் இல்லை. சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். "முதல் மதிப்பெண் வாங்கினால் கைப்பேசி வாங்கித் தருகிறேன்" என்று ஆசை காட்டும் பெற்றோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாராட்டிலும் வகை உண்டு. 1998-இல் வெளியான மற்றொரு ஆராய்ச்சியில், "நீ கெட்டிக்காரன்" என்று புகழப்பட்ட பிள்ளைகள் கடினமான வினாக்கள் வந்தபோது தளர்ந்துபோனார்கள். "நன்றாக முயன்றாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். "நேற்று மூன்று வரி படித்தாய், இன்று ஐந்து வரி படித்தாயே!" என்ற சொல்லுக்குக் காசு செலவில்லை, பலனோ பெரிது.

ஊராட்சி மன்றத்தின் பங்கு

இத்தனையும் வீட்டுக்குள் நடக்க வேண்டியவை என்று ஊராட்சி மன்றம் ஒதுங்கியிருக்கலாகாது. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் அதில் இடம் உண்டு. அக்குழு கூடும்போது சுற்றுச்சுவர், கழிப்பறை ஆகியவற்றோடு, தொடர்ந்து வராத பிள்ளைகளின் பெயர்களையும் எடுத்துப் பேச வேண்டும். அந்த வீடுகளுக்கு உறுப்பினர் ஒருவர் நேரில் போய் விசாரித்து வருவது, எச்சரிக்கைக் கடிதத்தைவிட அதிகப் பயன் தரும்.

அடுத்தது, மாலை நேரத்துக்கு ஒரு பொது இடம். 2006-07 முதல் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிதோறும் நூலகங்கள் கட்டப்பட்டன. பூட்டிக் கிடக்கும் நூலகம் எந்த ஊரில் இருந்தாலும், அதை மாலை 6 மணி முதல் 8 மணிவரை திறந்து, நல்ல விளக்குகள் போட்டு, ஊரில் படித்த பெண்ணொருத்தியையோ இளைஞர் ஒருவரையோ மேற்பார்வைக்கு அமர்த்துங்கள். வீட்டில் இடமும் துணையும் இல்லாத பிள்ளைக்கு அதுவே வீடாகும். 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கற்பித்ததை நாம் அறிவோம். ஊருக்குள்ளேயே ஆசிரியராகத் தக்கவர்கள் இருக்கிறார்கள் என்பதை அது காட்டியது.

ஒலிபெருக்கியையும் மறந்துவிடலாகாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை அதைப் பயன்படுத்த 2000-ஆம் ஆண்டின் விதிகள் தடை விதிக்கின்றன. தேர்வுக் காலத்தில் மாலை வேளையிலும் அடக்கி வைப்பதற்கு, ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டால் போதும்.

அன்பர்களே! 1956-ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் வந்தபோது, ஊரார் நெல்லும் பணமும் கொடுத்து அதைத் தாங்கினர். 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சும் கடிகாரமும் நிலமும் வழங்கினர். அன்று நம் முன்னோர் பள்ளிக்குப் பொருளைக் கொடுத்தார்கள். பின்னாளில் புத்தகம், சீருடை, மிதிவண்டி எனப் பலவற்றை அரசு கொடுத்தது. 2022-இல் காலை உணவும் தொடங்கிற்று. ஆனால், மாலையில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்க எந்தத் திட்டத்தாலும் ஆள் அனுப்ப இயலாது. அது வீட்டார் கொடுக்க வேண்டிய நன்கொடை.

அடுத்த கிராம சபையில் மூன்று காரியங்களை முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். நூலகத்தின் சாவி மாலையில் யாரிடம் இருக்கும்? தொடர்ந்து வராத பிள்ளைகளின் வீட்டுக்கு யார் போவது? படிக்கும் நேரம் என்று ஊர் முழுவதும் எந்த ஒரு மணி நேரத்தைக் கடைப்பிடிப்பது? இம்மூன்றுக்கும் பெயரும் நேரமும் குறித்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டால், இன்று நாம் கூடிப் பேசியதற்குப் பயன் உண்டு.