கொடிக்கயிறு யார் கையில்?

(ஓரிக்கையில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதின் எழுத்து வடிவம்)



நிலாவுக்குப் போன கொடியைப் பற்றிப் பேசணும்னு கூப்பிட்டிருக்கீங்க. நான் விஞ்ஞானி இல்லை. ஆனால் கொடியைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதி உண்டு. பள்ளிக்கூடத்தில் கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டியவன் நான். சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் எங்க தெருப் பையன்களைத்தான் கூப்பிடுவாங்க. குழி தோண்டுவோம், தண்ணி தெளிப்போம், சுண்ணாம்புக் கோடு போடுவோம். மறுநாள் கொடிக்குள்ள பூ வச்சு மடிக்கிற வேலை மட்டும் வேற பையன்களுக்கு. ஏன்னு கேட்டேன். "உங்களுக்கெல்லாம் மடிக்க வராதுடா"ன்னார் வாத்தியார். துணி மடிக்க வராதாம், காஞ்சிபுரத்துப் பையனுக்கு! எங்க அக்கா கூலித்தறியில் கோர்வைப் புடவை நெய்துகொண்டிருந்த காலம் அது.

2023 ஆகஸ்ட் 23, சாயங்காலம் 6 மணி 4 நிமிடம். சந்திரயான்-3 நிலாவில் இறங்கியதை இங்கே டீக்கடையில் நின்று பார்த்தேன். எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்றபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அறிவியலுக்கு நாம் எதிரிகள் இல்லை. அதிலே நம்ம பங்கு எங்கே என்று கேட்கிறவர்கள்.

இந்தக் கேள்வி புதிதல்ல. 1969 ஜூலையில் அப்போலோ-11 கிளம்புவதற்கு முந்தின நாள், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபர்நாதி, கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியோடும் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களோடும் ஏவுதளத்துக்கே போய் நின்றார். விண்வெளி வீரர்களை அவர் வாழ்த்தினார். அதே வாயால் பசியைப் பற்றியும் கேட்டார். வாழ்த்துவதும் கேட்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்பதை அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

அந்தப் பயணத்தில் நிலாவில் நட்ட அமெரிக்கக் கொடி நைலான் துணி. அங்கே காற்று கிடையாது, கொடி பறக்காது. அதனால் மேலே குறுக்காக ஒரு கம்பி கொடுத்து விரித்து நிறுத்தினார்கள். பறக்கிற மாதிரி ஒரு தோற்றம், அவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி நிலாவை எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது. கொடி நட்டாலும் முடியாது. அமெரிக்கப் பாராளுமன்றமே 1969இல் சட்டத்தில் எழுதிவைத்தது: இது பெருமைக்கான அடையாளம், நிலத்தின் மேல் உரிமை கோருவது ஆகாது என்று.

ஆக, நிலாவில் கொடி நட்டாலும் நிலம் யாருக்கும் சொந்தமில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

நம்ம கொடி நிலாவுக்குப் போனது 2008இல். சந்திரயான்-1இலிருந்து பிரிந்த ஒரு சிறு கலம், பக்கங்களில் மூவர்ணம் தீட்டிக்கொண்டு, நவம்பர் 14 அன்று தென் துருவத்தருகே போய் மோதியது. நேருவின் பிறந்த நாள் என்பதால் அந்த இடத்துக்கு ஜவஹர் பெயர். 2023இல் போன பிரக்யான் ஊர்தியின் பின்சக்கரங்களில் தேசியச் சின்னத்தைச் செதுக்கி அனுப்பினார்கள், உருளும்போது மண்ணில் பதியட்டும் என்று.

அந்தச் சின்னம் எது? சாரநாத் சிங்கம். புத்தர் முதன்முதலாகத் தம்மம் பேசிய இடத்தில் அசோகன் நிறுத்திய தூண். கொடியின் நடுவில் இருப்பது அதே தம்மச் சக்கரம். 1947 ஜூனில் ராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த கொடிக் குழுவில் அண்ணல் அம்பேத்கரும் ஓர் உறுப்பினர். ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்ற கொடியில், காங்கிரஸ் கொடியிலிருந்த ராட்டை போய் அசோகச் சக்கரம் வந்தது. ஒன்பது ஆண்டு கழித்து அதே தம்மத்தைத்தான் அண்ணல் தழுவினார். இந்தக் காஞ்சியும் ஒரு காலத்தில் பௌத்த நகரம். மணிமேகலை வந்து சேர்ந்த ஊர். யுவான் சுவாங் நூறளவில் சங்காராமங்களைக் குறித்துவைத்த ஊர். இன்று கோயில் நகரம், பட்டு நகரம் என்கிறார்கள். புத்தரின் ஊர் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை.

அதே வேலை நிலாவிலும் நடந்தது. சக்கரத்தில் சாரநாத் போனது. இறங்கிய இடத்துக்கோ 'சிவசக்தி' என்று பெயர். மூன்றாம் நாள், ஆகஸ்ட் 26 அன்று பிரதமர் அறிவித்தார். 2024 மார்ச்சில் உலக வானியல் ஒன்றியமும் ஏற்றுக்கொண்டது. சக்தி என்பது பெண் விஞ்ஞானிகளைக் குறிக்கிறதாம். பெண் விஞ்ஞானியைப் பெருமைப்படுத்த ஒரு பெண் விஞ்ஞானியின் பெயரையே வைத்திருக்கலாமே! உழைத்தவர் பெயர் மறைந்து தெய்வத்தின் பெயர் நிற்பது இந்தக் கோயில் நகரத்துக்காரர்களான நமக்குப் புதுசா என்ன?

இனி பூமிக்கு வருவோம். 2020 ஆகஸ்ட் 15. பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டம், ஆத்துப்பாக்கம். ஊராட்சித் தலைவர் ஒரு தலித் பெண், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். அவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்த பிறகு, 20ஆம் தேதி, மாவட்ட ஆட்சியர் வந்து நின்றுதான் அவர் கயிற்றை இழுக்க முடிந்தது. 2022இல், தலித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யச் சொல்லித் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நாலு லட்சம் கிலோமீட்டர் தள்ளிக் கொடியைக் கொண்டுபோன நாட்டில், சேரியிலிருந்து ஊராட்சி அலுவலகம் வரைக்கும் உள்ள தூரம் இன்னும் கடக்கப்படவில்லை.

ஏன் தடுக்கிறான்? துணிக்காகவா? இல்லை. கயிற்றை இழுக்கிறவன் அந்த இடத்துக்குச் சொந்தக்காரனாகிவிடுவான் என்ற பயம். கம்பம் நிற்கிற மண்தான் விஷயம்.

காரணையை நினைத்துப் பாருங்கள். நம்ம பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி 1891இல் அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலம் நூறு வருஷத்தில் யார் யார் கைக்கோ போய்விட்டது. 1994இல் காரணை மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தில் அண்ணல் சிலையை நட்டார்கள். அதுதான் அவர்கள் கொடி. சிலையை அகற்றினார்கள். நியாயம் கேட்டு அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டபோது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள்.

இப்போது சேர்த்துப் பாருங்கள். யாருக்கும் சொந்தமில்லாத மண்ணில் கொடி நட்டவனுக்கு உலகமே கை தட்டுகிறது. சட்டப்படி தனக்கே சொந்தமான மண்ணில் சிலை நட்டவனுக்குக் குண்டு கிடைக்கிறது.

அதனால் நிலாக் கொடியை வெறுக்கச் சொல்லமாட்டேன். அந்தச் சக்கரம் நம்முடையது, விட்டுக்கொடுக்கக் கூடாது. மாணவத் தோழர்களிடம் இரண்டு வேலை கேட்கிறேன். வருகிற ஆகஸ்ட் 15 அன்று அவரவர் ஊரில் கயிற்றை யார் இழுக்கிறார், தலைவர் எங்கே நிற்கிறார், நாற்காலி யாருக்குப் போட்டிருக்கு, எல்லாத்தையும் எழுதுங்கள். அப்புறம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு உங்கள் ஊர்ப் பஞ்சமி நிலத்தின் பதிவேடுகளைக் கேளுங்கள். பழைய பதிவில் யார் பெயர், இன்றைக்கு யார் பெயர் என்று பாருங்கள்.

குழி தோண்டத் தெரிந்தவர்கள் நாம். நமக்கு மடிக்கவும் வரும், ஏற்றவும் வரும். கம்பம் நிற்கிற மண் யாருடையது என்பதையும் இனி நாமே கேட்போம்.

ஜெய்பீம்.