பத்து மணிக் குளிர் நாலு மணிக்கு ஆகாது

(நமது சங்கத்தின் கோடைக்காலக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கரண்ட் பில்லைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் தூக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

போன சித்திரையில் எங்கள் வீட்டில் தினமும் ரிமோட் சண்டை. படுக்கும்போது ஏ.சி.யை 18-இல் வைப்பேன். மூன்று மணிக்கு வீட்டம்மா கெண்டைக்கால் இழுத்து எழுந்து அணைத்துவிடுவார். நாலரைக்கு நான் வியர்த்து எழுவேன். இப்படியே ஒரு வாரம். ஒருநாள் காலை ஜெயங்கொண்டம் போகும் வழியில் வண்டி ஓட்டிக்கொண்டே கண் சொக்கிவிட்டது. சக்கரம் ஓரத்து மண்ணில் இறங்கிய பிறகுதான் விழித்தேன். அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படித்தேன்.

தூங்கும்போது உடம்பின் சூடு தானாகவே குறைகிறது. விடிவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு மிகவும் தணிந்திருக்கும். ஆகவே பத்து மணிக்கு இதமாக இருந்த குளிர், நாலு மணிக்கு உடம்புக்கு அதிகம்.

அறையோ படுக்கும் நேரத்தில்தான் கொதிக்கிறது. பொழுது சாய்ந்து நம் கோயில் கல்தளத்தில் உட்கார்ந்தால் சுடும் அல்லவா? மாடி கான்கிரீட்டும் அப்படித்தான். பகலில் வாங்கிய சூட்டை இரவில் கீழே விடுகிறது. மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தபின் எங்களுக்கு நல்ல வித்தியாசம் தெரிந்தது. ஏ.சி. இல்லாத வீட்டுக்கும் இது உதவும். பகலில் ஜன்னலை மூடி, வெளியே தணிந்த பிறகு கொசுவலையோடு திறந்து வையுங்கள்.

இப்போது நாங்கள் 25-இல் வைத்து, மின்விசிறியை மெதுவாக ஓடவிடுகிறோம். ரிமோட்டில் 'ஸ்லீப்' என்று ஒரு பொத்தான் உண்டு. நேரம் ஆக ஆக அதுவே ஓரிரு டிகிரி கூட்டிவிடும். மூன்று வருடம் அதை நான் தொட்டதே இல்லை! சாதாரண ஏ.சி.யில் 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பதும் தப்பு. அதே வேகம்தான், நிற்காமல் ஓடும், அவ்வளவே.

இனி கணக்கு. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் பி.இ.இ. நிறுவனம். 2020 ஜனவரி முதல் புது ஏ.சி.கள் 24-இல் தொடங்கும்படி அமைத்தே வருகின்றன. நமக்கு இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நாங்கள் இப்போது நிற்கிறோம்.

வீட்டம்மா கனத்த போர்வையை அலமாரியில் வைத்துவிட்டார். ரிமோட் யார் தலையணைக்குக் கீழே இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.