பள்ளி அறிவிப்பும் நம் பெற்றோரும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியின் பெருமையை எனக்கு முன் பேசிய பெருமக்கள் நிறைவாகவே எடுத்துரைத்தார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பும் ஒரு துண்டுச் சீட்டைப் பற்றியே பேசப் போகிறேன்.

நம் பிள்ளைகளுள் பலர் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில்தான் முதன்முதலாக எழுத்தறிகிறார்கள். அரசு உதவி பெறும் அப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்து, ஆறாம் வகுப்புக்கு நான் பணியாற்றும் அரசுப் பள்ளிக்கு வருகிறார்கள். கையெழுத்து அழகாக இருக்கும். வாய்ப்பாடு தடையின்றி வரும். ஆனால் சாதிச் சான்றிதழ் இராது. ஆதார் அட்டையில் ஒரு பெயர், மாற்றுச் சான்றிதழில் வேறொரு பெயர் இருக்கும். வங்கிக் கணக்கே தொடங்கியிருக்க மாட்டார்கள். "பள்ளியில் சொல்லவில்லையா அம்மா?" என்று கேட்டால், "சீட்டுக் கொடுத்தார்களாம் ஐயா, நாங்கள் பார்க்கவில்லை" என்பதே விடை.

அந்தச் சீட்டு எங்கே போயிற்று? பையிலேயே கசங்கியிருக்கும், அல்லது அதன் பின்புறத்தில் மளிகைக் கணக்கு எழுதப்பட்டிருக்கும். இப்போது செய்தி வாட்ஸ்அப்பிலும் வருகிறது. ஆனால் அந்தக் கைப்பேசி திருப்பூரில் வேலை பார்க்கும் தந்தையின் சட்டைப்பையில் இருக்கிறது. பிள்ளையோ ஊரில் பாட்டியிடம் இருக்கிறது. சில ஊர்களில் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலில் பள்ளி அறிவிப்பையும் வாசிக்கிறார்கள். கோயிலுக்கு வரும் குடும்பங்களுக்கு அது நன்மையே. ஆனால் அதே பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பிற சமயத்தார் அங்கே இருப்பதில்லையே! அவர்கள் காதுக்கு அச்செய்தி எட்டுவது எப்படி?

நண்பர்களே, இச்சீட்டுகளை நான் மூவகையாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதல்வகை, நாளை அறிவிப்பது. பள்ளித் திறப்பு, தேர்வு, பாதுகாவலர் திருவிழா, கிறிஸ்துமஸ் விடுமுறை முதலியன இதில் அடங்கும். இதனைத் தவறவிட்டால், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் பிள்ளை திரும்பி வரும்; அவ்வளவே.

இரண்டாம் வகை, உரிமையை அறிவிப்பது. இதனைத் தவறவிட்டால் இழப்பு பெரிது. காமராசர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவும், எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-இல் சத்துணவும் வந்தன. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதலில் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கே உரியதாக இருந்தது. ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கு அது 2024 சூலை 15-ஆம் நாள் விரிவாக்கப்பட்டது. அது தொடங்கிவைக்கப்பட்ட இடமே, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப்பள்ளிதான். நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டு 26-இல் மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்டது. இவ்வளவு தூரம் நடந்து வந்த உணவு, நம் பிள்ளையின் தட்டுக்கு வருமுன் எங்கே நின்றுவிடுகிறது தெரியுமா? காலை மணி அடிக்குமுன் பிள்ளை வந்துவிட வேண்டும் என்று எழுதிய சீட்டில் நின்றுவிடுகிறது. அதனைப் படிக்காத வீட்டுப் பிள்ளை, சமைத்த உணவு பள்ளியில் இருக்க, வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காருகிறது.

பெண் குழந்தைகளுக்கான ஊக்கத்தொகையும் அத்தகையதே. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 500 ரூபாய், ஆறாம் வகுப்பில் 1000 ரூபாய் என்ற அளவில் அது வழங்கப்பட்டு வந்திருக்கிறது. தொகை சிறிது என்று எண்ணாதீர்கள். அதற்காகத் தொடங்கும் வங்கிக் கணக்கும், அதற்காக வாங்கும் சாதிச் சான்றிதழும் அப்பெண்ணோடு கல்லூரி வரை செல்லும்.

இங்கே நம் கிறித்துவக் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி பெரும்பாலும் இந்துக்களுக்கே இருந்தது; 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்துவம் தழுவியோர் இன்றும் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். இந்நிலை மாறப் பாடுபடுவோர் பாடுபடட்டும். அது நீண்ட போராட்டம். ஆனால் "நமக்கு எதுவும் கிடையாது" என்று முடிவு செய்துகொண்டு சீட்டைப் படிக்காமலே எறிந்துவிடுவது பெரும் பிழை. மதம் மாறிய ஆதிதிராவிட மாணவியருக்கும் உரிய உதவிகள் உண்டு. எது உண்டு, எது இல்லை என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் வகை, கையொப்பம் கேட்பது. எழுதத் தெரியாத தாய் பெருவிரலை நீட்டிவிடுகிறாள். ஒரு சொல்லைக் கூட வாசித்துக் காட்டச் சொல்வதில்லை. அரசியலமைப்பின் 28-ஆம் உறுப்பு என்ன சொல்கிறது? அரசு உதவி பெறும் பள்ளியில், பெற்றோர் அல்லது காப்பாளர் ஒப்புதல் இன்றி எந்தப் பிள்ளையையும் சமயப் போதனையில் கலந்துகொள்ளச் செய்யலாகாது என்கிறது. 29-ஆம் உறுப்பு, அத்தகைய பள்ளியில் சமயம், சாதி ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டிச் சேர்க்கையை மறுக்கலாகாது என்கிறது. ஒப்புதல் தருவதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் எதற்கு ஒப்புகிறோம் என்று அறிந்து ஒப்புங்கள். "வாசித்துக் காட்டுங்கள் ஐயா" என்று கேட்பது மரியாதைக் குறைவன்று.

பள்ளி நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பெற்றோர் கூட்டத்தை வேலைநாள் முற்பகலில் வைத்தால், ஒருநாள் கூலியை இழந்துதான் நம் தாய்மார்கள் வரவேண்டும். மாலையில் வையுங்கள். அறிவிப்பைப் பெரிய எழுத்தில், எளிய தமிழில் எழுதுங்கள். வாயிலில் தயங்கி நிற்பவரை உள்ளே அழைத்து நாற்காலியில் அமரச் செய்யுங்கள். ஒருமுறை அமர்ந்தவர் மறுமுறையும் வருவார்.

இளைஞர்களே, இனி உங்களிடம் வருகிறேன். இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் இதழ் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். நம் தெருக்களில் எழுத்தறிந்தோரை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது. படித்த ஒருவன் படிக்காத பத்துப் பேருக்கு எடுத்துச் சொல்வான் என்ற நம்பிக்கை இல்லாமல் அவர்கள் அச்சுக் கோத்திருக்க முடியுமா? இன்று தெருவுக்குப் பல பட்டதாரிகள் இருக்கிறீர்கள். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் பையில் இருக்கும் சீட்டை வாசித்துச் சொல்ல ஆளில்லை!

எனவே ஒரு சிறு திட்டத்தை முன்வைக்கிறேன். தெருவுக்கு ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை அரைமணி நேரம் போதும். அந்த வாரம் வந்த சீட்டுகளையும் கைப்பேசிச் செய்திகளையும் உரக்க வாசியுங்கள். கடைசி நாளைக் கரும்பலகையில் எழுதுங்கள். சான்றிதழ் வேண்டியவர்களை இ-சேவை மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பிறந்த நாள், பெயர், முன்னெழுத்து மூன்றும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக உள்ளனவா என்று ஐந்தாம் வகுப்பு முடியுமுன் பார்த்துக் கொடுங்கள். இதற்குப் பணம் வேண்டியதில்லை. மேடையும் மாலையும் வேண்டியதில்லை.

நம் முன்னோருக்குப் பள்ளியின் கதவு மூடியிருந்தது. நமக்கு அது திறந்திருக்கிறது. வீடு தேடிச் சீட்டும் வருகிறது. அதை வாசிக்காமல் போனதால் ஒரு பிள்ளையும் எதையும் இழக்கவில்லை என்று அடுத்த ஆண்டு விழாவில் நீங்கள் எழுந்து சொன்னால், இந்த வெள்ளி விழாவுக்கு அதைவிடச் சிறப்பு வேறில்லை.