நம் வாழ்வை நாமே எழுதுவோம்

 

உத்திரமேரூரின் பெருமை யாதெனக் கேட்டால் எவரும் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரைக் காட்டுவர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகள் அங்குள்ளன. ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட வேண்டுமாயின் கால் வேலி இறைநிலமும், சொந்த மனையில் வீடும், மறைநூற் பயிற்சியும் வேண்டும் என அவை விதிக்கின்றன. அக்குடத்தில் நம் முன்னோர் பெயர் விழுந்திருக்க வழியில்லை. எழுதப்படாத மக்கள் மறக்கப்படுவர் என்பதே அச்சுவர் நமக்குச் சொல்லும் பாடமாகும்.

அம்மறதியை உடைத்தவர் நம் அண்டையூராரே. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893 இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார்கள். பிறர் இழிவாக வீசிய பெயரையே இதழின் முகப்பில் பொறித்து, அதனைத் தலைநிமிரச் செய்தார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள். இதழில் வெளிவந்த கடிதம் ஒன்றின் பொருட்டு வழக்குத் தொடரப்பட்டு, 100 ரூபாய் அபராதம் செலுத்த நேர்ந்தது. ஆயினும் அவர்கள் எழுத்தைக் கைவிடவில்லை. 1939 இல் தம் வாழ்க்கையை ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ எனத் தாமே எழுதி வெளியிட்டார்கள்.

வெளியாரின் சினம் ஓர் இடர். நம்மவரின் மனவருத்தம் மற்றோர் இடர். 1992 இல் பாமா அவர்களின் ‘கருக்கு’ வெளிவந்தபோது அவருடைய சொந்த ஊராரே சினந்தனர். சில மாதங்கள் அவர் ஊருக்குள் செல்லவும் இயலவில்லை. இன்றோ அந்நூல் தலித் இலக்கியத்தின் முன்னோடி நூல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

இவ்விடரை நாமும் நேரில் கண்டோம். முன்னர் நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ‘என் வீடு’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னோம். மாணவன் ஒருவன் தன் வீட்டுப் பசியையும், தந்தையின் குடியையும், தாய் பட்ட அடியையும் ஒளிக்காமல் எழுதியிருந்தான். அதன் உண்மையில் நெகிழ்ந்து, இறைவணக்கக் கூட்டத்தில் அதனை உரக்கப் படித்துக் காட்டினோம். மறுநாள் அத்தாய் வந்து நின்றார். “எங்க வூட்டுப் பசிய ஊரு சிரிக்கப் படிச்சிக் காட்டினீங்களே சார், நாளைக்கி எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நடவுக்குப் போவேன்?” என்றார். நம்மிடம் விடையில்லை. பையன் எழுதியது குற்றமன்று. கேளாமல் படித்த நாமே குற்றவாளி. அதன்பின் அவன் உரைநூலில் உள்ளதையன்றி ஒரு வரியும் எழுதவில்லை. முப்பதாண்டு ஆசிரியப் பணியில் நம்மை இன்றும் உறுத்துவது அந்த வெற்று நோட்டுப் புத்தகமே.

ஆகவே, மாணவச் செல்வங்களே, எழுதுங்கள், அஞ்சாமல் எழுதுங்கள். எழுதுவது வேறு, வெளியிடுவது வேறு என்பதையும் உணருங்கள். உங்கள் துன்பம் உங்களுடையது. அதனுள் வரும் தாயின் துன்பம் தாயுடையது. வெளியிடுமுன் அவரிடம் படித்துக் காட்டி இசைவு பெறுங்கள். சினத்தில் எழுதியதை ஓரிரவு வைத்திருந்து மறுநாள் படியுங்கள். இன்று கைபேசியில் இட்ட சொல் நொடியில் ஊரைச் சுற்றிவிடும். அதைத் திரும்ப அழைக்க இயலாது. பிறர்மீது சுமத்தும் குற்றத்திற்குச் சான்றுண்டா எனப் பாருங்கள். அச்சேறும் வரிக்கு வழக்குமன்றத்தில் விடை சொல்ல நேரும் என்பதற்குச் சீனிவாசனார் வாழ்வே சான்று.

இச்சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளைப் படிக்க வைத்தீர்கள். இனி எழுதவும் வையுங்கள். இல்லந்தோறும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். எழுத்தறியா முதியோர் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதட்டும். எதை வெளியிடுவது, எதைப் பெட்டியில் வைப்பது என்பதை அவ்வில்லத்தாரே முடிவு செய்யட்டும். கோயிற் சுவரில் இடம் பெறாத நம் பாட்டன்மார் பேரப்பிள்ளைகளின் கையெழுத்திலேனும் இடம் பெறட்டும்.